1-ஆம் எண் சட்டை: யாருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகுவது?

அக்கா மகனுக்கு 14 வயது. சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில்லில் வீடு. மூன்று வருடமாக ரக்பி லீக்கில் விங்கராக, அதாவது மைதானத்தின் ஓரத்தில் நிற்பவனாக, ஓடிக்கொண்டிருந்தான். போன சீசன் முடிந்த அன்று கோச் அவனைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் நீதான் ஃபுல்பேக்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டான்: "மாமா, நான் யாரோட மேட்ச் பாக்கணும்?"

பில்லி ஸ்லேட்டர் என்று உடனே வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் என்பதற்காக, பதினான்கு வயதுப் பையனின் ஒரு கோடைக்காலத்தை அவர் பக்கம் திருப்பிவிடக் கூடாது. சிறந்த ஃபுல்பேக் யார் என்பது நண்பர்களோடு உட்கார்ந்து பேசுகிற விஷயம். ஒல்லியான, வேகமான, பேச்சுக் குறைவான ஒரு பையன் யாரைப் பார்த்தால் உருப்படியாகக் கற்றுக்கொள்வான் என்பது வேறு. ஒரு வாரம் யோசித்தேன், பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். அதில் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். ரக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (எதிரணி பிடித்து நிறுத்துவது) வரைதான் வாய்ப்பு, அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். அப்படி உதைத்த பந்து போய் விழுகிற வெட்டவெளியில் பெரும்பாலும் தனியாக நிற்பவர்தான் 1-ஆம் எண் சட்டை போடும் ஃபுல்பேக். வானத்திலிருந்து இறங்கும் பந்தைப் பிடிக்க வேண்டும், எதிரே ஓடிவரும் கூட்டத்துக்குள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். யாராவது வரிசையை உடைத்துக்கொண்டு வந்தால் மடக்கவும் வேண்டும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று உண்டு: முன்னால் நிற்கும் வரிசையில் எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று பின்னாலிருந்து பார்த்து, கத்தி, நகர்த்துவது. தாக்கும்போது இடமும் வலமும் ஓடிப்போய்க் கூடுதல் ஆளாகச் சேர்ந்துகொள்வதும் அவரேதான். ஒரு நல்ல ஃபுல்பேக் பந்தைத் தொடாமலேயே ஓடுகிற தூரம் மிக அதிகம்.

இந்த இடத்தின் மூத்த பெயர் கிளைவ் சர்ச்சில். சவுத் சிட்னிக்காக 1947 முதல் 1958 வரை ஆடியவர், 'லிட்டில் மாஸ்டர்' என்று அழைக்கப்பட்டவர். 1981-இல் ஆஸ்திரேலியாவின் 'ரக்பி லீக் வீக்' இதழ் முதன்முதலாக 'இம்மார்ட்டல்' (அழியாப் புகழ் பெற்றவர்) என்று அறிவித்த நால்வரில் ஒருவர். அதுவரை ஃபுல்பேக் என்றால் பின்னால் நின்று பிடித்துத் திருப்பி உதைப்பவர். பந்தோடு ஓடித் தாக்குகிற ஆட்டக்காரராக அந்த இடத்தை மாற்றிய பெருமையை இவருக்கே கொடுப்பார்கள். 1955-இல் மேன்லிக்கு எதிரான ஆட்டத்தில் கை முறிந்த நிலையிலும் மைதானத்திலேயே நின்று, பக்கவாட்டுக் கோட்டருகிலிருந்து உதைத்து வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். கிளப் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சிறந்த வீரருக்கு 1986 முதல் கொடுக்கப்படும் பதக்கத்துக்கு அவர் பெயர்தான். அந்தக் கதையைப் பையனிடம் சொன்னேன், கண் விரியக் கேட்டான். ஆனால் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு அவர் ஆட்டத்தின் படப்பதிவு கிடையாது, ஆறு டேக்கிள் விதியும் அப்போது இல்லை. அதனால் அவரை மரியாதையோடு ஒதுக்கி வைத்தேன். மிச்சம் நாலு பேர்: டேரன் லாக்யர், கிரெக் இங்லிஸ், ஜேம்ஸ் டெடெஸ்கோ, பில்லி ஸ்லேட்டர்.

லாக்யரைப் பலரும் ஃபைவ்-எய்ட்த் (பாஸ் கொடுத்து ஆட்டத்தை நகர்த்துபவர்) ஆகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரிஸ்பேன் பிராங்கோஸில் 2003 கடைசி வரை அவர் ஃபுல்பேக். 2000-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் சர்ச்சில் பதக்கம் வாங்கியது அந்த இடத்தில் ஆடித்தான், 2003-இல் உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட் விருதும் அப்படியே. அடுத்த வருடம் இடம் மாறினார், 2006-இல் அதே விருதை ஃபைவ்-எய்ட்த் ஆக மறுபடி வாங்கினார். ஆஸ்திரேலியாவுக்காக 59 டெஸ்ட் ஆடியவர். அவர் ஓட்டத்தில் அவசரமே தெரியாது, வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். எதிராளி தன்னை நோக்கி ஒரு அடி வைக்கும் வரை பந்தைக் கையிலேயே வைத்திருந்து, வைத்த பிறகு பக்கத்தில் வருபவனுக்குத் தள்ளிவிடுவார். இன்றைய ஃபுல்பேக்குகள் எல்லோருமே பாஸ் கொடுக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியிருப்பதால், பாடம் என்ற அளவில் இது மிக உயர்ந்தது.

ஆனால் எங்கள் பையன் மூன்று வருடமாக விங்கில் நின்றவன். விங்கர் கைக்குப் பந்து வரும், அவன் கையிலிருந்து போவது அபூர்வம். அவனிடம் லாக்யரைக் காட்டினால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனிடம் காவியத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாஸ் கொடுத்தே பழகிய ஹாஃப்பேக்காக இருந்து ஃபுல்பேக்குக்கு மாறுகிற பையனாக இருந்தால் தயங்காமல் லாக்யர் என்று சொல்லியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து இவனுக்கும் அதைச் சொல்லக்கூடும்.

இங்லிஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தே முடிவெடுத்தேன், ஏனென்றால் பையனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? ஆறு அடிக்கும் மேல் நல்ல உயரம், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, அந்த உடம்புக்குள் ஒரு ஓட்டப்பந்தயக்காரனின் கால். மெல்போர்னில் சென்டராகவும் ஃபைவ்-எய்ட்த் ஆகவும் ஆடிவிட்டு சவுத் சிட்னிக்குப் போனார். 2012-இல்தான் அங்கே நிலையான ஃபுல்பேக் ஆனார். 2014-இல் பிரிஸ்பேனுக்கு எதிராகத் தன் பாதியிலேயே பந்தை எடுத்து, ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டும் தாண்டியும் மறுமுனை வரை போய் வைத்த ட்ரையை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) இப்போது பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அதே வருடம் சவுத் சிட்னி 43 வருடத்துக்குப் பிறகு கோப்பையை வென்றது. கேன்டர்பரியை 30-6 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி ட்ரை இவருடையது. ட்ரை வைத்ததும் உடும்பு போலத் தரையில் தவழ்ந்து கொண்டாடுவார், அன்றும் தவழ்ந்தார். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடாவருடம் மோதுகிற ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் குயின்ஸ்லாந்துக்காக 18 ட்ரை வைத்தவர்.

இதில் எதைக் கற்றுக்கொள்வது? சின்னப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்தை வாராவாரம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: 13, 14 வயதில் ஒருவன் முழு ஆளாக வளர்ந்திருப்பான், பக்கத்தில் நிற்பவன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். வளர்ந்தவன் எல்லோரையும் இடித்துக்கொண்டு போய் ட்ரை வைப்பான். இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்ததும் அவனுக்கு வேறு எதுவும் தெரியாமல் திகைத்து நிற்பான். எங்கள் பையன் அந்த வளர்ந்த பையனும் இல்லை. இங்லிஸின் கையால் தள்ளுகிற வேலையை இவன் முயன்றால் மணிக்கட்டுதான் சுளுக்கும். இங்லிஸை ரசிக்கட்டும், சுவரில் படம் ஒட்டிக்கொள்ளட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படிக்க வேண்டிய ஆள் அவர் இல்லை.

டெடெஸ்கோதான் ஸ்லேட்டருக்கு நிஜமான போட்டி. 2012-இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு முதல் ஆட்டம், அன்றைக்கே முழங்கால் தசைநார் போய் அந்த சீசன் முடிந்துவிட்டது. அங்கிருந்து மீண்டு வந்து, 2018-இல் சிட்னி ரூஸ்டர்ஸுக்கு மாறினார், 2018, 2019 இரண்டு வருடமும் கோப்பை. 2019 என்பது ஒரு ஃபுல்பேக்குக்கு வாய்க்கக்கூடிய உச்சம் என்றே சொல்வேன். ஆரிஜின் தொடரின் கடைசி ஆட்டம் 20-20 என்று நிற்கும்போது கடைசி நிமிடத்தில் ட்ரை வைத்து நியூ சவுத் வேல்ஸுக்குத் தொடரை எடுத்துக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் கான்பெராவுக்கு எதிராக வெற்றி ட்ரையும் அவருடையதே. அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான டேலி எம் பதக்கமும் அவருக்கே. 2022-இல் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலிய அணிக்கு அவர்தான் கேப்டன்.

அவர் உயரத்தில் பெரியவர் இல்லை. உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடும்போது முதல் ஆள் எட்டுகிற நேரத்தில் ஒரு குட்டிக் கால்மாற்றம் செய்வார். பிடி பாதி விழும், முழுதாக விழாது. இடுப்பைத் தாழ்த்திக் காலை அடித்துக்கொண்டே இருப்பார், மூன்று பேர் சேர்ந்தால்தான் கீழே போவார். ஒல்லிப் பையனும் பழகக்கூடிய விஷயம் இது. அதோடு இன்னொரு வசதி, அவர் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறார். ரயிலேறி சென்ட்ரல் போய் அங்கிருந்து டிராமில் மூர் பார்க் போனால் நேரிலேயே பார்க்கலாம். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஃபுல்பேக்கின் வேலையில் பெரும்பகுதி பந்து இல்லாத இடத்தில் நடப்பதால் திரையில் அது விழாது. மைதானத்தில் உட்கார்ந்து எண்பது நிமிடமும் ஒரே ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு கட்டத்தில் டெடெஸ்கோ என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஸ்லேட்டரின் 2008-ஐ மறுபடி பார்த்தேன், முடிவு மாறியது.

ஸ்லேட்டர் 1983-இல் பிறந்தவர், வளர்ந்தது குயின்ஸ்லாந்தின் வடக்கே இன்னிஸ்ஃபெயிலில். கரும்பும் வாழையும் ஓயாத மழையுமான ஊர். பதினாறு வயதில் சிட்னிக்கு வந்து குதிரைப் பயிற்சியாளர் கய் வாட்டர்ஹவுஸின் லாயத்தில் சில மாதங்கள் பந்தயக் குதிரைகளைப் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஊர் திரும்பி, பிரிஸ்பேனுக்கு வந்து நார்த்ஸ் அணியில் இடம் தேடினார், 2003-இல் மெல்போர்ன் ஸ்டார்மில் முதல் ஆட்டம். கோச் கிரெய்க் பெல்லமிக்கும் அங்கே அதுதான் முதல் வருடம். கடைசி வரை அந்த ஒரே கிளப், 319 ஆட்டம், 190 ட்ரை.

எல்லோரும் முதலில் காட்டுவது 2004 ஆரிஜின் இரண்டாவது ஆட்டத்தின் ட்ரையைத்தான். பிரிஸ்பேனில் லாக்யர் உதைத்த பந்தைப் பாய்ந்து எடுத்து, எதிரே வந்த நியூ சவுத் வேல்ஸ் ஃபுல்பேக் மினிகெல்லோவின் தலைக்கு மேலே ஓடிக்கொண்டே தானே மறுபடி உதைத்து, தானே பிடித்து விழுந்த ட்ரை. அழகுதான். ஆனால் பையனிடம் அதைப் பார்க்காதே என்றேன். அப்போது அவருக்கு 20 வயது, கால் மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம். அதே துடிப்பு வேறு பக்கமும் இழுத்திருக்கிறது: 2006-இல் எதிரணி வீரரைக் காலால் உதைத்ததற்காக ஏழு ஆட்டத் தடை வாங்கினார்.

2008-இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதி. ஸ்லேட்டர் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அந்த வருடத்தின் கோல்டன் பூட்டும் அவருக்கே. இரண்டாம் பாதியில் பந்தை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கோட்டோரமாக ஓடுகிறார். எதிராளிகள் அவரை வெளியே தள்ளப் போகிறார்கள். வெளியே போயிருந்தால் பந்து மட்டும்தான் போயிருக்கும், அணி திரும்பி வந்து வரிசை கட்டி நின்றிருக்கலாம். அவரோ விழுந்துகொண்டே உள்பக்கமாகப் பார்க்காமல் வீசினார். ட்ரை கோட்டுக்குப் பக்கத்தில் பந்து நியூசிலாந்தின் பெஞ்சி மார்ஷலின் கைக்குப் போனது, ட்ரை. நியூசிலாந்து 34-20 என்று வென்றது. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால், உலகமே பார்த்த தவறு.

இந்த இடத்தில் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் பையனுக்குக் காட்ட விரும்புவது இதற்குப் பின்னால் வருகிற ஸ்லேட்டரை. 2009 இறுதியில் சர்ச்சில் பதக்கம், 2011-இல் டேலி எம். அந்த வருடங்களின் ஆட்டத்தில் கால் அவசரப்படுவதில்லை. மெல்போர்ன் அணித் தோழர்கள் கேமரன் ஸ்மித், கூப்பர் குரோங்க் இருவரோடும் சேர்ந்து பாஸ் கொடுக்கிற இன்னொரு ஆளாக மாறியிருக்கிறார். வெளிப்பக்கமாக வளைந்து வந்து, எதிராளி உள்ளே ஒரு அடி வைக்கிறானா வெளியே வைக்கிறானா என்று பார்த்த பிறகுதான் ஓடுவதா கொடுப்பதா என்று முடிவெடுப்பார். 2013 உலகக் கோப்பை இறுதியில், ஓல்ட் டிராஃபோர்டில், அதே நியூசிலாந்தை ஆஸ்திரேலியா 34-2 என்று வென்றபோது இரண்டு ட்ரை ஸ்லேட்டருடையவை.

இதைப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். அவர் ட்ரை வைக்கிற காட்சியைப் பார்த்ததும் பத்து விநாடி பின்னால் தள்ள வேண்டும். பந்து அவர் கையில் இருக்காது, பெரும்பாலும் படத்திலேயே இருக்கமாட்டார். நடுவில் ஒரு தடியான ஃபார்வர்டு முட்டிக்கொண்டிருப்பார். பிடி நழுவி அவர் அரை அடி முன்னால் போனதும், திரையின் விளிம்பிலிருந்து ஸ்லேட்டர் உள்ளே வருவார், ஏற்கெனவே முழு வேகத்தில். ஓட்டை விழுந்த பிறகு ஓடத் தொடங்கியவர் அந்த நேரத்தில் அங்கே வந்திருக்கவே முடியாது. விழப்போகிறது என்று நினைத்து ஓடியிருக்கிறார். இப்படி வீணாக ஓடிய ஓட்டங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் பல இருக்கும், அவற்றை யாரும் தொகுத்துப் போடுவதில்லை. முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பழக்கத்துக்கு உயரம் வேண்டாம், எடை வேண்டாம். மூச்சும் பிடிவாதமும் வேண்டும். அவை எங்கள் பையனிடம் இருக்கின்றன.

அடுத்தது குரல். மைதான மைக்கில் ஸ்லேட்டரின் சத்தம் விடாமல் கேட்கும். இடது பக்கம் எத்தனை பேர், வலது பக்கம் எத்தனை பேர், யார் நகர வேண்டும் என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருப்பார். இவன் பேச்சுக் குறைந்த பையன் என்று சொன்னேன் இல்லையா? கோச்சுக்கு இவன் மேல் இருந்த ஒரே சந்தேகமும் அதுதான்.

ஸ்லேட்டரிடமிருந்து எடுக்கக் கூடாததையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உயரப் பந்தைப் பிடிக்கக் குதிக்கும்போது ஒரு காலை முன்னால் நீட்டுவார், ஓடிவருபவன் முகத்துக்கு நேராகப் பூட்ஸ் போகும். 2013-இல் அதற்காகப் பெரிய சர்ச்சையே நடந்தது. முழங்காலை மடக்கிக் குதித்தால் போதும். 2018-இல் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு ட்ரையைத் தடுக்கத் தோளால் இடித்தார் என்று குற்றச்சாட்டு வந்தது. விசாரணையில் விடுவித்தார்கள், ஆனால் நாடு முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. பையன் கைகளால் கட்டிப் பிடிக்கட்டும். அந்த வருட இறுதியில் ரூஸ்டர்ஸிடம் 21-6 என்று தோற்றதோடு அவர் ஆட்டம் முடிந்தது.

அவர் கணக்கில் இன்னொரு நெருடல் உண்டு, மறைத்து எழுத மனமில்லை. மெல்போர்ன் கிளப் சம்பள உச்சவரம்பை மீறியதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, 2007, 2009 கோப்பைகள் 2010-இல் பறிக்கப்பட்டன. பதிவில் நிற்பவை 2012-உம் 2017-உம். இதில் 2017-ஐத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தோள்பட்டை இரண்டு தடவை அறுவை சிகிச்சைக்குப் போனதில் 2015-இல் 7 ஆட்டம், 2016-இல் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். திரும்பி வந்து, 34 வயதில், நார்த் குயின்ஸ்லாந்தை 34-6 என்று வென்ற இறுதியில் இரண்டாவது சர்ச்சில் பதக்கம் வாங்கினார். வேகம் முன்பு போல இல்லை, நிற்கிற இடம் மட்டும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. 2022-இல் குயின்ஸ்லாந்தின் கோச்சாக வந்து முதல் வருடமே ஆரிஜின் தொடரை வென்றார், அடுத்த வருடமும் வென்றார். கேலின் பொங்கா, ரீஸ் வால்ஷ் என்று இரண்டு வேறு மாதிரி ஃபுல்பேக்குகள் அவர் கீழே ஆடியிருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கக் கூடிய ஆட்டம் அவருடையது என்பதற்கு இதைவிட நான் என்ன காட்ட?

ஆக, ஸ்லேட்டர். அதிலும் 2009-க்குப் பிந்தைய ஆட்டங்கள், தொகுப்பாக இல்லாமல் முழு ஆட்டமாக, வாரத்துக்கு ஒன்று. பந்தைத் திருப்பி எடுத்து ஓடுவதற்கு மட்டும் டெடெஸ்கோ. சீசன் தொடங்கியதும் மூர் பார்க்குக்கு இரண்டு டிக்கெட் எடுப்பதாக அக்காவிடம் சொல்லியாகிவிட்டது.

போன சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் முதல் பயிற்சி. என்னால் முடிந்த உயரத்துக்கு 20 தடவை பந்தை உதைத்தேன். பிடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் "மைன்!" என்று கத்த வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஐந்தும் வாய்க்குள்ளேயே சொன்னான், மூன்றைத் தவறவிட்டான். "எனக்கே கேக்கலடா" என்றேன். பத்தாவதில் குரல் உடைந்துகொண்டு வந்தது. இருட்டத் தொடங்கிய நேரம், பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, சாலைக்கு அந்தப் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார். பந்து இவன் மார்போடு இருந்தது.